மேக்ஸிமம் கட்டத்தில் 256 என்று போட்டது நான்தான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேட்டா சென்டர் முழுவதற்கும் மின் பராமரிப்பு. எல்லா சர்வர்களையும் முறைப்படி நிறுத்திவிட்டு மாலையில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். அதில் ஒன்று 16 கோர், 256 ஜிபி மெமரி கொண்ட ஐபிஎம் பவர்7 தலைமுறை சர்வர். அதற்குள் எட்டு எல்பார்கள், அதாவது தனித்தனி சர்வர் போல ஓடும் எட்டு பார்டிஷன்கள். எட்டும் ஏறின. இவற்றை நிர்வகிக்கும் கன்சோலான எச்எம்சியின் திரையில் எட்டுக்கும் நேரே "ரன்னிங்" என்று வந்தது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

திங்கள் காலை பத்தே காலுக்கு டேட்டாபேஸ் பார்ப்பவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், டிபி ரொம்ப இழுக்குது. பேஜிங் வேற ஆகுது. நேத்து ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒன்னும் மாத்தலையே. நிறுத்தினோம், ஏத்தினோம், அவ்வளவுதான்."

"அப்ப ஒரு தடவை எல்பார்ஸ்டாட் போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். எல்பார்ஸ்டாட் கட்டளைக்கு ஐ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், அந்த பார்டிஷனின் முழு ஜாதகமும் ஒரே பக்கத்தில் வரும். பாதி பக்கம் தள்ளி மெமரி வரிகள் இருந்தன. ஆன்லைன் மெமரி 83968 எம்பி. மேக்ஸிமம் 262144. மினிமம் 16384. டிசையர்ட் 98304. நான் இன்னும் மேலே இருந்த சிபியு வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் திரையில் விரலை வைத்து, "96 கேட்டிருக்கோம், 82தான் வந்திருக்கு" என்றார்.

14 ஜிபி காணோம். அந்த டேட்டாபேஸின் பகிர்வு மெமரி மட்டும் 70 ஜிபி. அதையும் பின் செய்து வைத்திருந்தோம், அதாவது அதைப் பேஜிங் ஸ்பேஸுக்கு (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) தள்ள முடியாது. மீதி 12 ஜிபிக்குள் கெர்னல், பயனர் செஷன்கள், அவற்றின் சார்ட் வேலை எல்லாம் அடங்கியாக வேண்டும். ஞாயிறு இரவு செஷன்கள் குறைவு, அதனால் எதுவும் தெரியவில்லை. திங்கள் காலை ஆட்கள் உள்ளே வர வர, அது டிஸ்க்கில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது.

14 ஜிபி எங்கே போனது என்பது அப்புறம். முதலில், 96 கேட்ட பார்டிஷன் 82ஐ வாங்கிக்கொண்டு ஏன் சத்தமில்லாமல் ஏறியது?

எச்எம்சியில் ஒரு பார்டிஷனுக்குப் புரொஃபைல் எழுதும்போது மெமரிக்கும் பிராசசருக்கும் தலா மூன்று எண் கேட்கும்: மினிமம், டிசையர்ட், மேக்ஸிமம். நம்மில் பலர் நடுவில் இருக்கும் டிசையர்டை மட்டும்தான் யோசித்துப் போடுகிறோம். மற்ற இரண்டும் கட்டாயக் கட்டங்கள் என்பதால் ஏதோ ஒன்றை நிரப்பிவிட்டு அடுத்த பக்கம் போகிறோம். நானும் அந்தக் கூட்டம்தான்.

பார்டிஷனை ஆக்டிவேட் செய்யும் நேரத்தில், சர்வரின் மெமரியையும் பிராசசரையும் பங்கிடும் ஹைப்பர்வைசர் கையிருப்பைப் பார்க்கும். டிசையர்ட் அளவு இருந்தால் அதைக் கொடுக்கும். இல்லையென்றால், மினிமத்துக்குக் குறையாமல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவைக் கொடுத்து ஏற்றிவிடும். மினிமத்துக்கும் கீழே போனால்தான் ஆக்டிவேஷனை மறுக்கும். எங்கள் டேட்டாபேஸுக்கு மினிமம் 16 ஜிபி. 16 கிடைத்திருந்தாலும் அந்த பார்டிஷன் "ரன்னிங்" என்றுதான் காட்டியிருக்கும். நான் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அது. ஹைப்பர்வைசர் எழுத்து பிசகாமல் நடந்துகொண்டது.

இனி அந்த 14 ஜிபி. பராமரிப்புக்குச் சில மாதம் முன்பு ஒரு காலாண்டு முடிவில், அப்ளிகேஷன் பார்டிஷன் ஒன்றுக்கு ஓடும்போதே 8 ஜிபி கூடுதலாக ஏற்றப் பார்த்தேன். டைனமிக் எல்பார் வசதி இருக்கிறதே, நிறுத்தாமலே ஏற்றலாமே என்ற தைரியம். எச்எம்சி மறுத்துவிட்டது. மேக்ஸிமம் 32, டிசையர்டும் 32. மேக்ஸிமத்தைத் தாண்டி ஏற்ற முடியாது. ஓடும்போது மேக்ஸிமத்தை மாற்றவும் முடியாது. அதற்கு பார்டிஷனை முழுதாக நிறுத்தி, மாற்றிய புரொஃபைலோடு ஆக்டிவேட் செய்ய வேண்டும். காலாண்டு முடிவு இரவில் யார் அனுமதி தருவார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இரவைக் கடத்தினேன். மறுநாள் கோபத்தில் எட்டு பார்டிஷன்களின் புரொஃபைலையும் திறந்து மேக்ஸிமம் மெமரிக் கட்டத்தில் 256 என்று அடித்தேன். சர்வரின் மொத்த மெமரியே அதுதான். வெறும் உச்சவரம்புதானே, காசா பணமா என்பது என் நினைப்பு.

உண்மையில் காசுதான். ஒவ்வொரு பார்டிஷனுக்கும் ஹைப்பர்வைசர் ஒரு ஹார்டுவேர் பேஜ் டேபிள் வைத்திருக்கும். பார்டிஷனின் மெய்நிகர் முகவரிகளை நிஜ மெமரியோடு பொருத்தும் அட்டவணை அது. அதன் அளவு டிசையர்டை வைத்து முடிவாவதில்லை, மேக்ஸிமத்தை வைத்துத்தான் முடிவாகிறது. என்றோ ஒருநாள் அந்த பார்டிஷன் மேக்ஸிமம் வரை வளரலாம் என்பதால், அன்றைக்குத் தேவையான அட்டவணைக்கு இன்றைக்கே இடம் ஒதுக்கிவிடும். எங்கள் சர்வரில் அந்த விகிதம் 64இல் 1 பங்கு. வரும் எண் அடுத்த இரண்டின் அடுக்குக்கு உயர்த்தப்படும். 256ஐ 64ஆல் வகுத்தால் 4 ஜிபி. எட்டு பார்டிஷனுக்கு 32 ஜிபி. மற்ற பார்டிஷன்களுக்கு டிஸ்க்கும் நெட்வொர்க்கும் கொடுக்கும், தலா 4 ஜிபி மட்டுமே வைத்திருந்த இரண்டு விஐஓ சர்வர்களுக்கும்கூட, அவற்றின் மெமரி அளவுக்கே அட்டவணை! ஆளை விட நிழல் பெரிது என்பார்களே, அதுபோல.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். விஐஓ சர்வர் இரண்டுக்கும் 8 ஜிபி, அப்ளிகேஷன் இரண்டுக்கும் 64, ரிப்போர்ட் 24, டெஸ்ட் 24, டெவலப்மென்ட் 16, டேட்டாபேஸ் 96. டிசையர்ட் மொத்தம் 232. அதோடு பேஜ் டேபிள்களுக்கு 32, ஹைப்பர்வைசரின் சொந்தப் பாட்டுக்கு 6. ஆக 270. கையில் இருந்தது 256. துண்டு விழுந்தது சரியாக 14. கடைசியாக ஆக்டிவேட் செய்யப்பட்ட பார்டிஷன் தலையில் அது விடிந்தது. டெஸ்ட் குழு காத்திருக்கிறது என்று அவர்களை முதலில் ஏற்றிவிட்டு, டேட்டாபேஸை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசிக்கு வைத்ததும் நான்தான்.

மாதக்கணக்கில் இது ஏன் வெளியே வரவில்லை என்று கேட்கலாம். புரொஃபைலில் எழுதுவது ஒரு காகிதக் குறிப்பு மாதிரி. பார்டிஷனை முழுதாக நிறுத்தி, அந்தப் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து ஆக்டிவேட் செய்யும்போதுதான் அது படிக்கப்படும். இடையில் எத்தனை முறை ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் இருந்து ரீபூட் செய்தாலும் ஹைப்பர்வைசர் அந்தக் குறிப்பைப் புரட்டிக்கூடப் பார்க்காது. அந்த மாதங்களில் இரண்டு மூன்று முறை பேட்ச் போட்டு ரீபூட் செய்திருந்தோம், எதுவும் மாறவில்லை. நான் வைத்த வெடிக்கு மின் பராமரிப்புதான் திரி கொளுத்தியது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஓடும்போது டைனமிக்காக ஏற்றிய மெமரியோ பிராசசரோ தானாகப் புரொஃபைலுக்குள் போய் உட்காராது. நடப்பு நிலையைப் புரொஃபைலில் சேமிக்க வேண்டும், அல்லது இரண்டையும் ஒத்திசைக்கும் அமைப்பை எச்எம்சியில் போட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் நிம்மதியாக ஓடிய கூடுதல் மெமரி அடுத்த ஆக்டிவேஷனில் மாயமாகும். இப்போது வாரம் ஒருமுறை ஒரு சிறு ஸ்கிரிப்ட் எச்எம்சியில் இருந்து இரண்டு பட்டியலையும் எடுக்கும்: ஓடும் அளவு ஒன்று, புரொஃபைலில் உள்ள அளவு மற்றொன்று. வித்தியாசமான வரிகள் மட்டும் மெயிலில் வரும். பெரும்பாலான வாரம் காலி மெயில்தான்.

திங்கள் காலைக்குத் திரும்புவோம். டேட்டாபேஸை நிறுத்தாமல் 14 ஜிபி திரட்ட வேண்டும். மெமரியை நினைத்த அளவில் கிள்ளி எடுக்க முடியாது. எங்கள் சர்வரில் அது 256 எம்பி கட்டிகளாகத்தான் நகரும். 14 ஜிபி என்றால் 56 கட்டிகள். டெவலப்மென்டில் இருந்து 32 கட்டி கேட்டேன். மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது, 19இல் நின்றுவிட்டது. அங்கேயும் யாரோ டேட்டாபேஸ் ஒன்றை ஓட்டி மெமரியைப் பின் செய்திருந்தார்கள். பின் செய்த பக்கம் உள்ளே இருக்கும் கட்டியைக் கழற்ற முடியாது. காத்திருந்தும் பயன் இல்லை, கேட்ட நேரம் முடிந்ததும் எச்எம்சி பாதியில் கைவிட்டது. டெஸ்டில் இருந்து 24 வந்தது. பாக்கி 13ஐ ரிப்போர்ட் பார்டிஷனிடம் வாங்கினேன். மெமரியைக் கழற்றுவதுதான் இழுபறி. ஏற்றுவது சட்டென்று முடிந்துவிடும்.

இந்த வேலைக்கு நடுவே டெஸ்ட் பார்டிஷன் முதலில் எச்எம்சியோடு பேசவே மறுத்தது. டைனமிக் மாற்றம் செய்ய எச்எம்சிக்கும் பார்டிஷனுக்கும் இடையே ஆர்எம்சி இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும். அது போர்ட் 657இல், டிசிபி, யுடிபி இரண்டிலும் பேசும். நடுவில் இருந்த ஃபயர்வாலில் ஒன்றுதான் திறந்திருந்தது. சாதாரண நாளில் இதை யாரும் சோதிப்பதில்லை. இனி ஒவ்வொரு பார்டிஷனிலும் மாதம் ஒருமுறை ஒரு கட்டியை ஏற்றி இறக்கிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு ஆன்லைன் மெமரி 98304 ஆனது. ஆனால் வேகம் உடனே திரும்பவில்லை. பேஜிங் ஸ்பேஸுக்குப் போன பக்கங்கள், மெமரி காலியாகிவிட்டதே என்று தாமாகத் திரும்பி வருவதில்லை. யாராவது தொட்டால்தான் வரும். அதனால் மதியம் வரை ஒவ்வொரு செஷனும் முதல் தடவை மட்டும் திக்கித் திணறி, அப்புறம் ஓடியது. பேஜிங் ஸ்பேஸ் உபயோக சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் "இன்னும் சரியாகவில்லையே" என்று தோன்றும். பார்க்க வேண்டியது விஎம்ஸ்டாட்டில் விநாடிக்கு எத்தனை பக்கம் உள்ளே வருகிறது, வெளியே போகிறது என்பதை. அது பூஜ்யத்துக்குப் பக்கம் வந்துவிட்டால் நெருக்கடி முடிந்தது.

பின்னால் உட்கார்ந்து எண்களை மாற்றி எழுதினோம். மேக்ஸிமத்துக்கு நான் பிடித்துக்கொண்ட வழி, டிசையர்டுக்கு மேலே வரும் இரண்டின் அடுக்கு. ஏற்கெனவே டிசையர்ட் அப்படி ஓர் எண்ணாக இருந்தால் அதற்கு அடுத்தது. டேட்டாபேஸ் 96க்கு 128, அதற்கு அட்டவணை 2 ஜிபி. அப்ளிகேஷன் 32க்கு 64, அட்டவணை தலா 1. ரிப்போர்ட், டெஸ்ட், டெவலப்மென்ட் மூன்றுக்கும் 32, தலா அரை ஜிபி. விஐஓ சர்வர்களுக்கு 8, தலா 128 எம்பி. மொத்தம் 5.75 ஜிபி. முன்பு 32. அட்டவணை இரண்டின் அடுக்காக உயர்த்தப்படுவதால் 128க்குப் பதில் 130 என்று போட்டால்கூட 2 ஜிபி 4 ஆகிவிடும். அந்த 2 ஜிபி "வளர்ச்சி" உங்களிடம் இன்னொரு 2 ஜிபி வாங்கிக்கொள்ளும். புதிய தலைமுறை சர்வர்களில் இந்த விகிதத்தையே மாற்றி அமைக்கலாம். அதனால் உங்கள் சர்வரில் எவ்வளவு போகிறது என்பதை எச்எம்சியில் ஃபர்ம்வேர் எடுத்துக்கொண்ட மெமரி என்ற வரியில் பார்த்துவிடுங்கள். அன்று எங்களுக்கு அது 38 ஜிபி என்று பளிச்சென்று எழுதியிருந்தது. அந்த வரியை நான் அதுவரை படித்ததே இல்லை.

மினிமத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். டேட்டாபேஸின் மினிமத்தை 88 ஆக்கச் சொன்னேன். "அப்போ மெமரி கொஞ்சம் குறைஞ்சா டிபியே ஏறாதே" என்றார் மேலாளர். ஏறாமல் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ஏறவில்லை என்றால் ஞாயிறு மாலையே, ஆட்கள் எல்லாம் அங்கேயே நிற்கும்போதே தெரிந்துவிடும். அரை வயிற்றோடு ஏறினால் திங்கள் காலை, ஆயிரம் பேர் உள்ளே வந்த பிறகுதான் தெரியும். ஆனால் இதை எல்லா பார்டிஷனுக்கும் சொல்லமாட்டேன். டெவலப்மென்டுக்கு மினிமம் 4தான். அது எப்படியாவது ஏறினால் போதும். மினிமத்தைக் கூட்டினால் ஒரு கைக்கட்டும் உண்டு: ஓடும்போது அந்த அளவுக்குக் கீழே மெமரியைக் கழற்ற முடியாது. கடன் கொடுக்க வேண்டி வரும் பார்டிஷன்களுக்கு மினிமத்தைத் தாழ்த்தி வைப்பதற்கு அது இன்னொரு காரணம்.

மெமரியில் இவ்வளவு அடிபட்டதால் பிராசசர் பக்கமும் கிளறினோம். அங்கே இருந்தது வேறு மாதிரி அழுக்கு.

ரிப்போர்ட் பார்டிஷனுக்கு என்டைட்டில்மென்ட் (உறுதியாகக் கிடைக்கும் கோர் பங்கு) 0.8, விர்ச்சுவல் பிராசசர் 8, அன்கேப்டு (உபரி இருந்தால் அதற்கு மேலும் எடுக்கலாம்). "விர்ச்சுவல்தானே, நிறைய கொடுத்தால் வேகமாக ஓடும்" என்று என்றோ யாரோ வைத்தது. பவர்7இல் ஒரு விர்ச்சுவல் பிராசசருக்குக் குறைந்தது 0.1 கோர் என்டைட்டில்மென்ட் வேண்டும். பவர்7 பிளஸில் இருந்து அது 0.05 ஆகக் குறைந்தது. அதாவது எங்கள் பார்டிஷன் விதி அனுமதிக்கும் விளிம்பில் நின்றது. ஹைப்பர்வைசர் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை கணக்கைப் புதுப்பிக்கிறது. 0.8ஐ எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு விர்ச்சுவல் பிராசசருக்கும் உறுதி 10 மில்லி விநாடியில் 1 மில்லி விநாடி மட்டும். சர்வரில் மற்றவர்கள் சும்மா இருக்கும்வரை இது உறைக்காது, உபரி நேரம் தாராளமாகக் கிடைக்கும். மாத முடிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடும்போது, 1 மில்லி விநாடி ஓடிவிட்டு 9 மில்லி விநாடி வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்பவர் கையில் ஏதாவது ஒரு லாக் (பூட்டு) இருந்தால் மற்ற ஏழு பேரும் அதற்காகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

விர்ச்சுவல் பிராசசரை 8இல் இருந்து 2 ஆக்கினேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் உறுதி 4 மில்லி விநாடி. ரிப்போர்ட் குழுவினர் தங்கள் சர்வரின் முக்கால்வாசியை நான் பிடுங்கிக்கொண்டதாக நினைத்தார்கள். அடுத்த மாத முடிவில் அவர்களுடைய வேலை முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது. ஒரு நன்றி மெயில் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

பார்டிஷனுக்குள் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டமான ஏஐஎக்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் புத்திசாலி. தேவைப்படாத விர்ச்சுவல் பிராசசர்களை அதுவே மடித்து ஓரமாக வைக்கும். அதனால் ஒன்றிரண்டு கூடுதலாக வைப்பதில் பாதகம் இல்லை. ஆனால் பவர்7இல் அதன் இயல்பான குணம், ஒரு கோரின் நான்கு த்ரெட்களையும் நிரப்பிவிட்டு அடுத்த கோருக்குப் போவது இல்லை. முதலில் எல்லா விர்ச்சுவல் பிராசசர்களின் முதல் த்ரெட்டையும் நிரப்பும். ஒவ்வொரு வேலைக்கும் வேகம் கிடைக்கும் என்பது உண்மை. பதிலுக்கு நிஜ கோர்கள் கூடுதலாகச் செலவாகும். எட்டு விர்ச்சுவல் பிராசசர் கொடுத்தால் எட்டிலும் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

இங்கேதான் கண்காணிப்பு வரைபடங்கள் ஏமாற்றும். ரிப்போர்ட் பார்டிஷனின் சிபியு உபயோகம் 40 சதவீதம் என்று பச்சை நிறத்தில் இருக்கும். அந்த 40 எதில் 40? எல்பார்ஸ்டாட்டை ஒரு விநாடி இடைவெளியில் ஓடவிட்டு ஃபிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். நிஜமாக எத்தனை கோர் செலவாகிறது என்பது அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் என்ட்க் பத்தி, அது என்டைட்டில்மென்டில் எத்தனை சதவீதம் என்று சொல்லும். அது நாள் முழுக்க 300, 400 என்று நின்றால், அந்த பார்டிஷன் கடனில் குடும்பம் நடத்துகிறது என்று அர்த்தம். அன்றைக்குக் கடன் கிடைத்தது, சரி. கிடைக்காத நாளில்? ஆப் என்ற பத்தி, பொதுக் குளத்தில் எத்தனை கோர் சும்மா இருக்கிறது என்று காட்டும். அது உங்களுக்கு வரவே இல்லை என்றால் கட்டளை பழுது இல்லை. அந்த பார்டிஷனுக்குச் செயல்திறன் தகவல் சேகரிக்கும் அனுமதியை எச்எம்சியில் டிக் செய்ய வேண்டும். நான் இதற்காக ஒரு மதியத்தை வீணடித்திருக்கிறேன்.

வெயிட் என்று ஒரு கட்டம் உண்டு. 0 முதல் 255 வரை, யாரும் தொடாவிட்டால் 128. எங்கள் எட்டு பார்டிஷனும் 128. அதாவது டேட்டாபேஸும் டெஸ்டும் ஒரே பந்தி. உபரி நேரத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது மட்டும்தான் இது வேலை செய்யும். உறுதி கொடுத்த என்டைட்டில்மென்டை இது தொடாது. உதாரணமாக 3 கோர் உபரி இருக்கிறது, டேட்டாபேஸும் ரிப்போர்ட்டும் கை நீட்டுகின்றன. இருவருக்கும் 128 என்றால் ஆளுக்கு ஒன்றரை. டேட்டாபேஸுக்கு 200, ரிப்போர்ட்டுக்கு 50 என்று வைத்தால் 2.4, 0.6. வெயிட்டை 0 ஆக்கினால், பெயருக்கு அன்கேப்டு, ஆனால் உபரியில் பங்கு இல்லை.

விஐஓ சர்வர்களின் வெயிட்டைத்தான் நான் முதலில் உயர்த்தினேன், எல்லோருக்கும் மேலாக. மற்ற பார்டிஷன்களின் டிஸ்க், நெட்வொர்க் போக்குவரத்து எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போகிறது. விஐஓ சர்வர் சிபியுவுக்காக வரிசையில் நின்றால், டேட்டாபேஸில் அது டிஸ்க் தாமதமாகத் தெரியும். ஸ்டோரேஜ் ஆட்களைக் கூப்பிட்டு நீங்கள் ஒருநாள் முழுக்கச் சண்டை போடுவீர்கள். தவறு அவர்களிடம் இருக்காது. (ஆம், சண்டை போட்டிருக்கிறேன். மன்னிப்பும் கேட்டேன்.)

கேப்டு வைப்பதா, அன்கேப்டு வைப்பதா என்பதில் என் சாய்வு அன்கேப்டு பக்கம். ஒரே விதிவிலக்கு லைசென்ஸ். கோர் கணக்கில் லைசென்ஸ் கேட்கும் மென்பொருள் இருந்தால், அந்த பார்டிஷன் அதிகபட்சம் எத்தனை கோரைத் தொட முடியும் என்பதே கேள்வியாகிவிடும். அப்போது விர்ச்சுவல் பிராசசர் எண்ணிக்கை நேராகப் பணம். அப்படிப்பட்ட பார்டிஷன்களைத் தனி ஷேர்டு பிராசசர் பூலில் போட்டு அந்தப் பூலுக்கே உச்சவரம்பு வைக்கலாம். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

விஎம்வேர் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் ரிசர்வேஷன், லிமிட், ஷேர்ஸ் என்ற பெயர்களில் பழக்கமாக இருக்கும். கட்டத்துக்குக் கட்டம் அப்படியே பொருந்தாது, ஆனால் தேவைக்கு மேல் விசிபியு கொடுத்து ரெடி டைமில் (சிபியுவுக்காகக் காத்திருக்கும் நேரம்) மாட்டிக்கொள்ளும் கதை அங்கேயும் இதேதான்.

ஏற்றும் வரிசையைப் பற்றி ஒன்று. சர்வர் முழுதாக நின்று ஏறும்போது, முதலில் வரும் பார்டிஷனுக்கு நல்ல இடம் கிடைக்கும்: கோரும் மெமரியும் ஒரே சாக்கெட்டில், அதாவது ஒரே பிராசசர் சிப்பின் பக்கத்தில். கடைசியில் வருபவருக்கு மிச்சம் மீதி. எங்கள் சர்வரில் இரண்டு சாக்கெட். 96 ஜிபி டேட்டாபேஸ் ஒன்றில் அழகாக அடங்கியிருக்கும். கடைசியில் ஏற்றியதால் இரண்டு பக்கமும் சிதறியது. எல்எஸ்எஸ்ராட் கட்டளையில் பார்த்தபோது கோர் பெரும்பாலும் ஒரு பக்கம், மெமரி பெரும்பாலும் மறுபக்கம். அந்த மாதம் முழுக்க, மெமரி அளவு சரியான பிறகும், பழைய வேகத்தில் ஒரு சுருதி குறைவாகவே இருந்தது. பின்னர் வந்த ஃபர்ம்வேர்களில் ஓடும்போதே இடம் மாற்றி ஒழுங்குபடுத்தும் வசதி வந்துவிட்டது. அன்று எங்களுக்கு அது இல்லை, அடுத்த பராமரிப்பு வரை காத்திருந்தோம்.

அதற்குள் ஏற்றும் வரிசையை ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். விஐஓ சர்வர்கள் முதலில், அவை இல்லாமல் யாருக்கும் டிஸ்க் இல்லை. அடுத்து டேட்டாபேஸ், பிறகு அப்ளிகேஷன், ரிப்போர்ட், டெஸ்ட், கடைசியில் டெவலப்மென்ட். ஒவ்வொன்றின் பெயருக்கு எதிரிலும் ஏறியதும் எல்பார்ஸ்டாட்டில் என்ன எண் வர வேண்டும் என்று எம்பி கணக்கில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம். "ரன்னிங்" என்பதற்குக் கையெழுத்து இல்லை. எண்ணுக்குத்தான்.

அடுத்த மின் பராமரிப்புக்கு முன் இடையில் பயிற்சிக்கென்று 20 ஜிபியில் ஒன்பதாவது பார்டிஷன் வந்து சேர்ந்திருந்தது. சர்வரில் மீண்டும் துண்டு விழும் என்பது கணக்குப் போட்டபோதே தெரிந்தது. இந்த முறை யார் தலையில் விழ வேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது. டேட்டாபேஸ் ஏறியதும் 98304 என்று வந்தது. டேட்டாபேஸ் பார்ப்பவர் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். கடைசியாக ஏறிய டெவலப்மென்ட் பார்டிஷன், 16 கேட்டு 7.75 ஜிபியோடு எழுந்து உட்கார்ந்தது. அவர்களுக்கு முன்கூட்டியே மெயில் போட்டிருந்தேன். யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. நான்காம் நாள் ஒருவர் வந்து, "சார், கம்பைல் பண்ண கொஞ்சம் நேரம் ஆகுதே, ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார். ஆமாம், மாற்றினேன் என்றேன்.